பதினொரு கோடுகள்

மார்ட்டி ஃபின் அந்த வாரத்தில் இரண்டு முறை அழுதிருந்தான். இரண்டுமே பேஸ்பாலுக்காக. மார்லோ ஹேமர்ஸ் அணியைத் தெற்கத்திப் பணக்காரன் ஒருவன் வாங்கிக்கொண்டு போகிறான், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தோடு ஊரில் கடையைக் கட்டிவிடுவார்கள் என்று செவ்வாய்க்கிழமை ரேடியோவில் கேட்டபோது முதல் முறை. அதே செய்தியை மறுநாள் பேப்பரில் படித்தபோது இரண்டாம் முறை. அப்படிப்பட்டவனைச் சனிக்கிழமை காலை எமில் வாசெக்கின் மாடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆவான்?

அறை முழுக்க ஹேமர்ஸ். 1934-லிருந்து வருடவாரியாகக் கிழித்த டிக்கெட்டுகள், கண்ணாடிக்குக் கீழே. வியர்வைக் கறை போகாத தொப்பிகள் ஒன்பது. விரிசல் விட்ட மட்டை. பழைய பார்வையாளர் மேடையை இடித்தபோது தூக்கி வந்த மர நாற்காலி, 114 என்ற எண்ணோடு.

"பாஸ், என்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுங்க. சாப்பாட்டை மட்டும் கதவுக்கு அடியில தள்ளிடுங்க," என்றான் மார்ட்டி.

"கண்ணைத் துடை. வாடிக்கையாளர் முன்னாடி நிக்கிறோம்," என்றார் ஐரீன் கோவாச்.

ஐரீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்த் தீ விபத்துகளைப் பிடித்துக்கொடுத்தவர். அலுத்துப்போய், செருப்புக் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். பேஸ்பாலில் எப்போது ஆட்டம் நடக்கிறது, எப்போது இடைவேளை என்பதே அவருக்குத் தெரியாது. மார்ட்டி எட்டு வருடமாக அவரிடம் உதவியாளனாக இருக்கிறான், எட்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டான்.

வாடிக்கையாளர் மார்லீன் வாசெக் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றாள். நாற்பது வயது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். கண்கள் வீங்கியிருந்தன.

"செவ்வாய்க்கிழமை அப்பா அந்தச் செய்தியைக் கேட்டுட்டு, ரேடியோவை அணைச்சுட்டு, கொஞ்சம் படுக்கறேன்னார். எழுந்திருக்கலை," என்றாள். "திங்கட்கிழமை அடக்கம். எங்கே அடக்கம் பண்றதுங்கறதுதான் சண்டை. எங்கண்ணன் ரூடி ஏழு வயசுல போலியோவுல போயிட்டான். நான் அம்மா வயித்துல இருந்தேன். அப்போ கல்லறையில ரெண்டு இடம் வாங்கினாங்க. ஒண்ணுல ரூடி. இன்னொண்ணு காலியா இருக்கு. அப்பாவை அங்கே வைக்கணும்னு நான் சொல்றேன். அது தனக்குன்னு அம்மா விட மாட்டேங்கிறாங்க. ஊர்க்கோடியில எங்கேயாவது போடுங்கறாங்க."

"காரணம்?"

"ரூடி செத்த அன்னைக்கு அப்பா பக்கத்துல இல்லை. இருநூத்தி எம்பது மைல் தள்ளி, கெல்சி ஊர்ல பேஸ்பால் பாத்துட்டு இருந்தார். அந்த ஆட்டம்."

'அந்த ஆட்டம்' என்றால் எது என்று மார்லோவில் யாரும் கேட்பதில்லை. 1951-ல் ஹேமர்ஸ் முதலும் கடைசியுமாகக் கோப்பை வாங்கிய ஆட்டம். பக்கி டாரன்ட் கடைசிப் பந்தைப் பார்வையாளர் மேடைக்கே தூக்கியடித்து, 'ஹோம் ரன்' வாங்கி ஜெயிக்கவைத்த ஆட்டம்.

"அந்தப் பந்தைக் கையால பிடிச்சேன்னுதான் அப்பா நாப்பத்தொரு வருஷமா சொன்னார். இதோ."

அறையின் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் பந்து. அதன் பக்கத்தில் சட்டம் போட்ட ஒரு தாள். பென்சிலால் பதிந்த ஆட்டக் கணக்கு.

"இப்ப இதைப் படிங்க," என்று மார்லீன் நேற்றைய பேப்பரை நீட்டினாள். ஹேமர்ஸ் போகப்போகிற துக்கத்தில் பேப்பர்காரர்கள் தினமும் ஒரு பக்கம் பழைய கதை போட்டுக்கொண்டிருந்தார்கள். நேற்றைய கதை: கெல்சியில் ஒரு விவசாயியின் வீட்டில் அதே பந்து இருக்கிறது. டாரன்ட்டே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தது.

மார்ட்டி பெட்டியைத் திறந்து பந்தை உருட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது. "அசல் ஆட்டப் பந்துன்னா லீக் தலைவர் கையெழுத்து இதுல அச்சடிச்சிருக்கணும். இல்லை. இது கடைப் பந்து பாஸ். தெருவுல பசங்க விளையாடறது. இந்த ரூம்ல அத்தனையும் அசல், நடுநாயகமா வெச்சிருக்கிறது மட்டும் டூப்பு."

"அத்தனையும் அசலா சேர்க்கிற மனுஷன் டூப்பை ஏன் நடுவுல வெக்கிறான்?" என்றார் ஐரீன்.

"அதான் எனக்கும் தெரியலை," என்றாள் மார்லீன். "அம்மா இப்ப புதுசா ஒண்ணு கேக்கறாங்க. பந்து பொய்னா ஆட்டத்துக்குப் போனதும் பொய். அப்ப எவ வீட்டுல இருந்தார்னு. சாயங்காலம் நாலு மணிக்குள்ள குழி வெட்டறவருக்கு இடம் சொல்லியாகணும்."

"நான் தேடிக் கண்டுபிடிக்கறது இதைவிட மோசமா இருந்தா?" என்று கேட்டார் ஐரீன்.

மார்லீன் கொஞ்சம் யோசித்தாள். "அதையும் சொல்லிடுங்க. எங்கப்பாவைப் பத்தி ஒண்ணாவது நிஜமா தெரியட்டும்."

கீழே சமையலறையில் லுட்மிலா வாசெக் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. அண்டை வீட்டார் கொண்டுவந்து குவித்த பலகாரம் மேஜை கொள்ளாமல் கிடந்தது. அப்படியும் சீவிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. கேக்க வேண்டியதைக் கேளுங்க. அழ மாட்டேன், பயப்படாதீங்க," என்றார்.

"அந்த ஞாயித்துக்கிழமை நீங்க எங்கே இருந்தீங்க?"

"தொற்றுநோய் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே. நாலு நாளா அங்கேதான். பெத்தவங்களை உள்ளே விட மாட்டாங்க, அப்போ அதுதான் சட்டம். அஞ்சு மாசம் எனக்கு. வெயில்ல நின்னேன். ஒரு நர்ஸ் எப்பவாவது ஜன்னல்கிட்ட வந்து கை காட்டுவா, இன்னும் இருக்கான்னு அர்த்தம். இவர் சனிக்கிழமை ராத்திரி வந்து, நாளைக்குக் கெல்சிக்கு ஆட்டம் பாக்கப் போறேன்னார். வேண்டாம்னு நான் சொல்லலை. பேசவே இல்லை."

"திரும்பி எப்ப வந்தார்?"

"எங்கே வந்தார்? பதினஞ்சு நாள் வீட்டுப் பக்கமே தலைகாட்டலை. வேலை பார்த்த மில்லு கொட்டகையில படுத்திருந்தாராம். ரூடியைப் புதைக்கிற அன்னைக்கும் கல்லறை வேலிக்கு அந்தப் பக்கமே நின்னார். உள்ளே கால் வைக்கலை. என் கையைக்கூடத் தொடலை. மூஞ்சியைக் காட்ட வெக்கம். பதினஞ்சு நாள் கழிச்சு வந்து, பந்தைப் பிடிச்சேன்னு காட்டினார் பாருங்க, அப்பவே எனக்கு அந்த மனுஷன் செத்துட்டார். அந்த மாடி ரூம்ல இன்னைக்கு வரைக்கும் நான் நுழைஞ்சதில்லை."

எழுதிக்கொண்டிருந்த ஐரீனின் பென்சில் நின்றது. மார்ட்டி அதைக் கவனித்தான். பாஸ் பென்சிலை நிறுத்தினால் எங்கோ எதையோ பிடித்துவிட்டார் என்று அர்த்தம். என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

சட்டத்திலிருந்து தாளைக் கழற்றி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

காரில் மார்ட்டியால் பொறுக்க முடியவில்லை. "பாஸ், பந்து போலியா இருக்கலாம். ஆனா மனுஷன் அங்கே இருந்தது நிஜம். இந்தத் தாளே சாட்சி. கடைசி இன்னிங்ஸ், ஒன்பதாவதுல டாரன்ட் கட்டத்தைப் பாருங்க. குட்டிக் குட்டியா கோடு. எண்ணுங்க."

"பதினொண்ணு."

"பதினொரு ஃபவுல்! பந்து மட்டையில உரசி வெளியே போயிடும். அவுட்டும் இல்லை, ரன்னும் இல்லை, மறுபடி போடணும். டாரன்ட் பதினொரு பந்தை அப்படித் தட்டித் தட்டி விட்டுட்டு, பன்னிரண்டாவதைத் தூக்கினான். இந்த ஊர்ல குழந்தைங்க எண்ணக் கத்துக்கிறதே அதை வெச்சுத்தான். பேப்பர்ல வர்ற ஸ்கோர்ல ஃபவுல் கணக்கு இருக்காது. நேர்ல பார்த்தவன்தான் கோடு போட முடியும்."

ஐரீன் மடியிலிருந்த பேப்பரைத் தட்டினார். "கெல்சி விவசாயி இங்கே வேற மாதிரி சொல்றார். 'டாரன்ட் வந்து நின்னான். நான் ரொட்டியை இன்னும் கடிக்கக்கூட இல்லை. முதல் பந்தே என் மடியில வந்து விழுந்துது.' முதல் பந்தாம்."

"அந்த ஆளுக்குப் புத்தி மங்கியிருக்கும்."

"ஒரு ஊர் முழுக்கப் பதினொண்ணுங்குது, பந்தைப் பிடிச்சவன் ஒண்ணுங்கறான். உங்க ஊர்ல எல்லாரும் எதை வெச்சுச் சொல்றீங்க?"

"ரேடியோ! டெக்ஸ் மெர்ரிடியூவோட வர்ணனை. ஊரே கேட்டுது. எங்கப்பா அன்னைக்குக் கடைத்தெருவுல பேப்பர் ஆபீஸ் வாசல்ல நின்னுட்டு இருந்தார். வாசல்ல ஒரு கரும்பலகை உண்டு, ஸ்கோரை எழுதிட்டே இருப்பாங்க. அதுல ஒரு கூத்து. டெக்ஸ் ரெண்டாவது ஃபவுலைச் சொல்லும்போதே பலகைக்காரன் 'டாரன்ட் ஹோம் ரன், ஹேமர்ஸ் வெற்றி'ன்னு எழுதிட்டான். குடிச்சுட்டு உளர்றான்னு ஜனங்க தக்காளியை வீசினாங்க. அப்புறம் பார்த்தா அதே மாதிரி நடந்துது! இன்னைக்கும் அந்த ஆளை எங்கப்பா தீர்க்கதரிசிங்கறார்."

ஐரீன் திரும்பி அவனையே பார்த்தார். "மார்ட்டி, நீ நல்லவன். உன் ஊரும் நல்ல ஊர். ஒரு நாள் யாராவது உங்க எல்லாருக்கும் நிலாவை வித்துடுவான். அந்த ரேடியோக்காரர் எங்கே இருப்பார்?"

டெக்ஸ் மெர்ரிடியூ மைதானத்தில் இருந்தார். மறுநாள் கடைசி ஆட்டம் என்பதால், பழைய வர்ணனை அறையில் உட்காரவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடவைத்திருந்தார்கள். எழுபத்தொன்பது வயது. வெயிலிலும் கழுத்தில் பட்டாம்பூச்சி டை. ஜன்னலுக்குக் கீழே மைதானம் பச்சையாக விரிந்து கிடந்தது. ஜனங்கள் நாற்காலிகளைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மண்டியிட்டுக் காப்பி டப்பாவில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். மார்ட்டி அந்தப் பக்கமே பார்க்காமல் இருக்க முயன்றான்.

"சார், சின்ன வயசுல உங்க குரலைக் கேட்டுத்தான் தூங்குவேன்," என்றான்.

"இது பாராட்டா, புகாரா?" என்றார் டெக்ஸ்.

ஐரீன் சுற்றிவளைக்கவில்லை. பேப்பரை முன்னால் வைத்தார். "முதல் பந்துங்கறார் கெல்சிக்காரர்."

டெக்ஸ் படித்தார். "அவர் பந்தைப் பார்த்தாரோ, ரொட்டியைப் பார்த்தாரோ."

"நீங்க எதைப் பார்த்தீங்க?"

கிழவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, மேஜையிலிருந்த மரப்பெட்டியைப் பென்சில் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினார்.

டொக்.

மார்ட்டிக்கு உடம்பு சிலிர்த்தது. மட்டையில் பந்து படும் சத்தம். ஹேமர்ஸ் வெளியூரில் ஆடிய ராத்திரிகளில், போர்வைக்குள் ரேடியோவை வைத்துக்கொண்டு அவன் கேட்ட அதே சத்தம்.

"நான் கெல்சிக்குப் போனதே இல்லை," என்றார் டெக்ஸ். "வெளியூர் ஆட்டத்துக்கு என்னை அனுப்ப ஸ்டேஷன்காரங்களுக்கு வசதியில்லை. கடைத்தெருவுல பேப்பர் ஆபீஸுக்கு மேல் மாடியில எனக்கு ஒரு ரூம். கெல்சியிலேர்ந்து தந்தி வரும், 'இவன் அவுட், அவன் ஓட்டம்'னு ரெண்டு வார்த்தை. அதை வெச்சு நான் மேகம், காத்து, கூட்டம் எல்லாம் சேர்த்துச் சொல்லுவேன். ஒரு குச்சி, ஒரு கட்டை, கூட்டத்தோட இரைச்சலுக்கு ஒரு ரெக்கார்டு. யாருக்கும் தெரியாம பார்த்துக்கிட்டேன்."

"அங்கே போனவங்க இருப்பாங்களே சார்! பதினெட்டுப் பேர் போனாங்க!" மார்ட்டியின் குரல் உடைந்தது.

"வந்த அன்னைக்கு ஒரே பந்துன்னாங்க. அப்ப நீ போகவே இல்லைன்னு ஊரே சிரிச்சுது. ஒரே வாரத்துல பதினெட்டுப் பேரும் பதினொண்ணுக்கு வந்துட்டாங்க. டாரன்ட்டே பின்னாடி எங்கிட்ட, பதினொண்ணும் ஞாபகம் இருக்குன்னான்."

மார்ட்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அணி போய்விடும் என்று தெரிந்தபோதுகூட, பழைய கதைகள் தன்னிடம் மிச்சம் இருக்கும் என்று நினைத்திருந்தான்.

"அப்ப எமில் வாசெக் அந்தக் கோடுகளை மைதானத்துல போடலை. ரேடியோ கேட்டுப் போட்டார்," என்றார் ஐரீன். "சரி. பதினொரு ஃபவுல் எதுக்கு?"

"தந்தி அறுந்துபோச்சு. ஏழு நிமிஷம். சும்மா இருக்க முடியுமா? ஃபவுல் ஒண்ணுதான் எந்தக் கணக்குலயும் ஏறாது. அதனால அடிச்சுட்டே இருந்தேன்."

"கீழ் மாடியில பலகைக்காரருக்கும் அதே தந்திதானே?"

"ஆமா."

"அவர் உங்க ரெண்டாவது ஃபவுல்லயே வெற்றின்னு எழுதிட்டார். தக்காளி அடி வாங்கினார். தந்தி அறலை மிஸ்டர் மெர்ரிடியூ. உங்களுக்கும் முடிவு தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஏழு நிமிஷம் ஆட்டத்தைப் பிடிச்சு நிறுத்தினீங்க."

டெக்ஸ் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐரீன் சட்டத்திலிருந்து கழற்றிய தாளைப் பிரித்து வைத்தார்.

"மார்ட்டி, மேல் ஓரத்துல என்ன எண் இருக்கு?"

"இன்னிங்ஸ் நம்பர் பாஸ். ஒன்பது இருக்கு." அவன் குனிந்து பார்த்தான். கத்தரித்த ஓரத்தில் எண்கள் பக்கவாட்டில் படுத்துக்கிடந்தன. "ஏழு, எட்டு, ஒன்பது, சைபர், ஒண்ணு, ரெண்டு... அஞ்சு வரைக்கும். இது என்ன வரிசை?"

"எந்த ஆட்டம் ஏழுல ஆரம்பிச்சு நடுவுல சைபர் வாங்கும்? முன்னால இருந்த எண்ணைக் கத்தரி தின்னுடுச்சு. தொண்ணூத்தேழு, தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொன்பது, நூறு, நூத்தியொண்ணு. நூத்தியஞ்சு டிகிரி வரைக்கும். நோயாளி கட்டில்ல மாட்டற காய்ச்சல் தாள் இது. பக்கவாட்டுல திருப்பிப் போட்டு அதுல ஆட்டக் கணக்கு எழுதியிருக்கார்."

மார்ட்டி தாளைத் திருப்பினான்; எண்கள் நிமிர்ந்து நின்றன.

"இன்னொண்ணு," என்றார் ஐரீன். "வேலிக்கு வெளியே நின்னவர் வெக்கப்பட்டு நின்னார்னு பொண்டாட்டி சொன்னாங்க. வெக்கத்துக்குப் பதினஞ்சு நாள்னு தவணை கிடையாது. தொத்து நோய்க்கு உண்டு. வயித்துப் பிள்ளைக்காரிகிட்டே கொண்டு போயிடக் கூடாதுன்னு ஒதுங்கி நின்னிருக்கார். அந்த ஆளு ஆஸ்பத்திரிக்குள்ள இருந்தார். யாரோ திருட்டுத்தனமா உள்ளே விட்டிருக்காங்க."

டெக்ஸ் நிமிர்ந்தார். "மூணாவது மாடியா?" என்றார்.



"நான் மாடியைப் பத்திப் பேசவே இல்லையே," என்றார் ஐரீன், மெதுவாக.

கிழவர் பென்சில் கட்டையைக் கீழே வைத்தார். "அந்தப் பையன் பேரு என்ன?"

"ரூடி. ரூடி வாசெக்."

"பேரு கேக்கலை அன்னைக்கு. கேக்க பயமா இருந்துது." அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப நான் அவங்ககிட்ட சொல்றேன். உங்ககிட்ட இல்லை."

சமையலறைக் கடிகாரம் மூன்று இருபது காட்டியது. லுட்மிலா உட்காரச் சொல்லியும் டெக்ஸ் உட்காரவில்லை. தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நின்றபடியே சொன்னார்.

"அம்மா, ஒன்பதாவது இன்னிங்ஸ். டாரன்ட் வந்து நிக்கிறான். எனக்குத் தந்தி வந்தாச்சு, முதல் பந்து ஹோம் ரன்னு. அதைச் சொல்ல வாயைத் திறக்கறேன், மேஜையில போன் அடிக்குது. இரைச்சல் ரெக்கார்டைச் சத்தமா வெச்சுட்டு எடுத்தேன். ஒரு சின்னப் பொண்ணு குரல். ஆஸ்பத்திரி மூணாவது மாடி நர்ஸுன்னா. 'இங்கே ஒரு பையன் உங்க ஆட்டத்தைக் கேட்டுட்டு இருக்கான் சார். ஆட்டம் முடிஞ்சதும் தூங்கிடறேன்னு அவங்கப்பாகிட்ட சொல்லியிருக்கான். தூங்கினா எழுந்திருக்க மாட்டான். அவங்கப்பா கேக்கறார், ஆட்டத்தைக் கொஞ்சம் முடிக்காம இருக்க முடியுமான்னு.'"

லுட்மிலாவின் கையில் கத்தி அப்படியே நின்றது.

"நான் டாக்டரா, பாதிரியா? எங்கிட்ட இருந்தது ஒரு குச்சி, ஒரு கட்டை. அடிச்சேன். ஃபவுல். இன்னொண்ணு அடிச்சேன். போனை வைக்கலை. அந்தப் பக்கம் வார்டு ரேடியோவுல என் குரலே எனக்குக் கேக்குது. நடுவுல அந்தப் பொண்ணு அழறது கேக்குது. முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, முடின்னு கையை ஆட்டறார். முடிக்கலை. பதினொண்ணு அடிச்சேன். அப்ப அந்தப் பொண்ணு பேசினா. 'போதும் சார். இனிமே நீங்க டாரன்ட்டை அடிக்க விட்டுடலாம்'னா."



"விட்டேன். பந்து வெளியே போச்சுன்னேன். ஊரெல்லாம் ஹாரன் அடிச்சுது. நான் மேஜைக்குக் கீழே உக்காந்து வாயைப் பொத்திக்கிட்டேன். வெளியே சொன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்னு சொல்லலை. அவ போய்ச் சேர்ந்தப்புறமும் சொல்லலை. அது என் தப்பு."

லுட்மிலா கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பேசியபோது குரல் தட்டையாக இருந்தது.

"நான் கேட்டுல நின்னேன். மூணாவது மாடி ஜன்னல்லேர்ந்து கேட்டு நல்லாத் தெரியும். என்னைப் பார்த்திருப்பார்."

"அதனாலதான் சொல்ல முடியலை போல," என்றார் ஐரீன். "நீங்க வெளியே நிக்க, தான் மட்டும் உள்ளே இருந்தேன்னு எப்படிச் சொல்றது? அதுக்குப் பதிலா நான் அங்கேயே இல்லைன்னு சொல்லிட்டார். அந்தப் பொய்யை நீங்க நம்பணும்னு கடையில ஒரு பந்து வாங்கினார்."

"அப்ப வேலிக்கு அந்தப் பக்கம்..." லுட்மிலா திரும்பி மகளைப் பார்த்தார். முதல் முறை பார்ப்பவர்போல. "இவளுக்காகவா?"

மார்லீன் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

மார்ட்டி காய்ச்சல் தாளை மேஜைமேல் வைத்தான். அவனுக்கு வழக்கமாக வரும் வேடிக்கைப் பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. "டாரன்ட் கட்டம் இதுதான்மா," என்றான்.

லுட்மிலா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தாள் முழுக்க எமிலின் எழுத்து அச்சடித்த மாதிரி நேராக இருந்தது. அந்தப் பதினொரு கோடுகள் மட்டும் அப்படி இல்லை. எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தன. போகப்போகச் சின்னதாகி, கடைசிக் கோடு புள்ளிபோல நின்றுவிட்டது.

"இது அவர் போட்டதில்லை," என்றார். "ரூடிக்கு இடது கை. கோடெல்லாம் இப்படித்தான் சாயும். பள்ளிக்கூடத்துல அடிப்பாங்க, போய்ச் சண்டை போட்டுட்டு வருவேன்." விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டார். "எண்ணியிருக்கான். கடைசி வரைக்கும் எண்ணியிருக்கான்."

சமாதானம் ஆகிவிட்டார் என்று மார்ட்டி நினைத்தான். இல்லை. கிழவியின் முகம் சிவந்து, கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நாப்பத்தொரு வருஷம்! ஒரே வீடு, ஒரே மேஜை. ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? அவன் தண்ணி கேட்டானா, வலிக்குதுன்னானா, அம்மா எங்கேன்னு கேட்டானா? எல்லாத்தையும் தானே வெச்சுக்கிட்டு, என்னையும் வெறுக்க விட்டுட்டு, நல்லபடியா படுத்துட்டார். இப்ப நான் யாரைப் போய்க் கேப்பேன்? உங்களுக்குத் தெரியுமா அவன் என்ன சொன்னான்னு?"

"தெரியாதும்மா," என்றார் டெக்ஸ். "சத்தியமா தெரியாது."

தெரிந்தவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அதை அந்த அறையில் இருந்த ஐந்து பேருமே உணர்ந்தார்கள். துப்பறிந்து கண்டுபிடிக்க அதற்குமேல் ஒன்றும் இருக்கவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது மார்லீன் சுவரிலிருந்த போனை எடுத்துக் கல்லறைத் தோட்டத்து எண்ணைச் சுழற்றினாள். "அம்மா, குழி வெட்டறவர் கேக்கறார். என்ன சொல்லட்டும்? ரூடி பக்கத்துல நீங்கதான் இருக்கணும்னா அப்படியே இருக்கட்டும். நான் இனிமே சண்டை போட மாட்டேன்."

"கொடு இங்கே."

லுட்மிலா எழுந்து போய்ப் போனை வாங்கிக்கொண்டார். முதுகை எல்லோருக்கும் காட்டியபடி, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"வாசெக் வீட்டம்மா பேசறேன். ரூடி பக்கத்துல வெட்டுங்க. ஆழமா வெட்டுங்க. வழக்கமா வெட்டறதுல ரெண்டு பங்கு... ஆமா. இடம் ஒண்ணுதான் இருக்கு, ஆள் ரெண்டு பேர். ஒருத்தர் மேல ஒருத்தர் வெப்பீங்கல்ல, அப்படித்தான். அவரைக் கீழே வைங்க. மேல எனக்கு விடுங்க."

அந்தப் பக்கம் ஏதோ இதமாகச் சொல்லியிருக்க வேண்டும். லுட்மிலாவின் தோள் விறைத்தது.

"பாசமும் இல்லை, ஒண்ணும் இல்லை. அந்த மனுஷனை நான் நிறைய கேக்க வேண்டியிருக்கு. எழுந்து போக முடியாத இடமா இருக்கணும், அவ்வளவுதான்."

போனை வைத்தார். சுவரைப் பார்த்து நின்றபடியே, இத்தனை வருடத்தில் முதல் முறையாக, புருஷனுக்காக அழுதார்.